மணிக்குச் சட்டம், மைலுக்குக் கூலி

லாரி ஓட்டுவதில் எது கஷ்டம் என்று அமெரிக்காவில் புதிதாக உரிமம் வாங்கிய ஒருவரைக் கேட்டால், 53 அடி டிரெய்லரை ரிவர்ஸ் எடுத்து நிறுத்துவதுதான் என்பார். ஆறு மாதம் கழித்து அதே ஆளைக் கேளுங்கள். கடிகாரம் என்பார். எப்போது கிளம்புவது, எங்கே நிறுத்துவது, எத்தனை மணிக்குச் சரக்கை இறக்குவது, மிச்சம் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று நாள் முழுக்க மனசுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டே ஓட்ட வேண்டிய தொழில் அது.

அந்தக் கடிகாரம் எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை. லாரிக்கெல்லாம் வரலாற்றுக் கட்டுரையா என்று கேட்கப் போகும் நண்பர்களுக்கு: ராஜாக்கள் கதை மட்டும்தான் வரலாறா என்ன? :)

முதலில் இன்றைய விதியைச் சொல்லிவிடுகிறேன். சரக்கு லாரி ஓட்டுநர் ஒருவர் தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வெடுத்துவிட்டு வேலையைத் தொடங்கும் நிமிடத்தில் ஒரு 14 மணி நேரக் கணக்கு ஓட ஆரம்பிக்கிறது. அந்த 14 மணி நேரத்துக்குள் அதிகபட்சம் 11 மணி நேரம் வண்டி ஓட்டலாம். 8 மணி நேரம் ஓட்டியபின் குறைந்தது 30 நிமிடமாவது ஸ்டீயரிங்கை விட வேண்டும். இதற்கு மேல் வாரக் கணக்கு ஒன்று உண்டு: 7 நாளில் 60 மணி நேரம், அல்லது 8 நாளில் 70 மணி நேரம் வேலை பார்த்துவிட்டால் அதற்குப் பிறகு ஓட்டக்கூடாது. தொடர்ந்து 34 மணி நேரம் ஓய்வெடுத்தால் வாரக் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

இதில் புது ஆளைப் போட்டு வாட்டுவது 14தான். சாப்பிட்டாலும் ஓடும், டீசல் போட்டாலும் ஓடும், சும்மா உட்கார்ந்திருந்தாலும் ஓடும். (கேபினுக்குப் பின்னால் இருக்கும் படுக்கையில் ஓய்வை இரண்டாகப் பிரித்து எடுத்தால் மட்டும் ஒரு சலுகை உண்டு. அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளவே சில மாதம் ஆகும் என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன்.)

சரி, கதைக்கு வருவோம். இந்தச் சிந்தனை லாரியில் பிறக்கவில்லை, ரயிலில் பிறந்தது. தூங்கி விழும் ஊழியர்களால் ரயில்கள் மோதிக்கொண்ட காலம். 1907ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது: ரயில் ஊழியர் தொடர்ந்து 16 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது, அதன் பிறகு 10 மணி நேரம் ஓய்வு தர வேண்டும். 16 மணி நேரம் என்பதே அன்றைக்கு ஒரு சலுகை! அதற்கு முன் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

லாரிகளுக்கு அப்போது சட்டமே இல்லை. முதல் உலகப் போருக்குப் பிறகு லாரிகள் பெருகின, சாலைகள் நல்லதாகின, ரயிலின் சரக்கை லாரி பறிக்க ஆரம்பித்தது. பிறகு 1929ல் பொருளாதாரம் சரிந்தது. வேலையில்லாதவர்கள் தவணையில் ஒரு லாரியை வாங்கிக்கொண்டு கிடைத்த வாடகைக்கு ஓட்டினார்கள். ஒருவர் வாடகையைக் குறைத்தால் அடுத்தவர் அதைவிடக் குறைத்தார். வாடகை குறைந்தால் ஈடுகட்ட இரண்டே வழி: அதிக லோடு ஏற்றுவது, அதிக நேரம் ஓட்டுவது. இரண்டும் நடந்தன.

1935 ஆகஸ்டில் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட மோட்டார் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் இதில் தலையிட்டது. அதுவரை ரயில்வேயை ஒழுங்குபடுத்தி வந்த மாநிலங்களுக்கிடையேயான வணிக ஆணையத்திடம் (சுருக்கமாக ஐ.சி.சி. கிரிக்கெட் ஐ.சி.சி. இல்லை!) லாரிகளும் பேருந்துகளும் ஒப்படைக்கப்பட்டன. யார் ஓட்டலாம், எந்த வழியில் ஓட்டலாம், வாடகை என்ன என்பதோடு, ஓட்டுநர் எத்தனை மணி நேரம் வேலை செய்யலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரமும் அதற்குப் போனது.

1937 கடைசியில் ஐ.சி.சி. தன் முதல் விதியை அறிவித்தது. 15 மணி நேரத்துக்குள் 12 மணி நேர வேலை, வாரத்துக்கு 60 மணி நேரம். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேலை என்றால் ஓட்டுவது மட்டும் அல்ல. ஏற்றுவது, இறக்குவது, வண்டியைத் தயார் செய்வது, கணக்கு எழுதுவது எல்லாமே அந்த 12க்குள் அடக்கம். தொழிற்சங்கங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மற்ற தொழில்களில் 8 மணி நேர வேலை பரவிக்கொண்டிருந்த நேரம், இவர்களுக்கு மட்டும் 12ஆ? நாளுக்கு 8, வாரத்துக்கு 48 வேண்டும் என்று மனு போட்டார்கள். 1938ல் ஆணையம் விதியைத் திருத்தியது. 8 கிடைக்கவில்லை. 24 மணி நேரத்தில் 10 மணி நேரம் ஓட்டலாம், பிறகு 8 மணி நேர ஓய்வு என்று ஆனது. ஆனால் இப்போது எண்ணப்படுவது ஓட்டும் நேரம். ஏற்றி இறக்கும் நேரம் அந்த 10க்கு வெளியே போய்விட்டது. வாரக் கணக்கில் மட்டும்தான் அது சேரும். சின்ன மாற்றம் மாதிரித்தான் தெரியும். என்னைக் கேட்டால் அடுத்து வந்த பாதிச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

மீதிப் பாதி அதே 1938ல் வேறொரு சட்டத்தில் இருக்கிறது. அமெரிக்கத் தொழிலாளிகளுக்குக் குறைந்தபட்ச ஊதியமும் மிகைநேரத்துக்கு ஒன்றரை மடங்கு கூலியும் தந்த நியாயமான தொழில் தரச் சட்டம் அந்த வருடம்தான் வந்தது. அதில் ஒரு விலக்கு: யாருடைய வேலை நேரத்தை ஐ.சி.சி. தீர்மானிக்கிறதோ அவர்களுக்கு இந்த ஓவர்டைம் கிடையாது. ஒரே தொழிலாளியின் நேரத்தை இரண்டு அரசு அமைப்புகள் நிர்வகிக்க வேண்டாம் என்பது நியாயமான யோசனைதான். ஆனால் விளைவைப் பாருங்கள். ஓவர்டைம் கூலி என்பது முதலாளியின் பையைக் கடித்து வேலை நேரத்தைக் குறைக்கும் கருவி. ஐ.சி.சி.யின் விதி ஓட்டுநரைத் தண்டித்து வேலை நேரத்தைக் குறைக்கும் கருவி. லாரிக்காரருக்கு இரண்டாவது மட்டும் மிஞ்சியது. அந்த விலக்கு இன்னும் இருக்கிறது. அதை நீக்க 2022ல் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள், நிறைவேறவில்லை.

அந்தக் காலத்து லாரி வாழ்க்கை எப்படி என்று பார்க்க ஆசையிருந்தால் 1940ல் வந்த 'தே டிரைவ் பை நைட்' என்ற படத்தைப் பாருங்கள். ஜார்ஜ் ராஃப்டும் ஹம்ப்ரி போகார்ட்டும் பழம் ஏற்றிப்போகும் அண்ணன் தம்பிகள். போகார்ட் பாத்திரம் ஸ்டீயரிங்கில் தூங்கிவிடுகிறது, விபத்தில் ஒரு கையை இழக்கிறது. பிற்பாதி கொலை, கோர்ட் என்று வேறெங்கோ போய்விடும், முதல் பாதிக்காகவே பார்க்கலாம்.

1941ல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை, நூற்றுக்கணக்கான லாரி ஓட்டுநர்களைச் சோதித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. தூங்கி எழுந்தபின் வண்டியே ஓட்டாதவர்கள் சோதனைகளில் நன்றாகச் செய்தார்கள், அதிக நேரம் ஓட்டியவர்கள் மோசமாகச் செய்தார்கள். இதற்கு ஆய்வு வேறா என்று தோன்றும். ஆனால் விதியெழுதியவர்கள் கையில் அதுவரை களைப்பைப் பற்றிய புள்ளிவிவரம் அனேகமாக இல்லை. 12, 10, 60 எல்லாம் பேரத்தில் வந்த எண்கள்.

பிறகு சில பதிற்றாண்டு பெரிய மாற்றம் இல்லை. 1962ல் ஒன்று நடந்தது. விதியிலிருந்த '24 மணி நேரத்தில்' என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். 10 மணி நேரம் ஓட்டி, 8 மணி நேரம் ஓய்வெடுத்தால் போதும், உடனே அடுத்த 10ஐத் தொடங்கலாம். கூட்டிப் பாருங்கள்: 10 ஓட்டல், 8 ஓய்வு, மறுபடி 6 ஓட்டல். 24 மணி நேரத்தில் 16 மணி நேரம் ஓட்டுவது சட்டப்படியே சரி! இதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. சுற்று 18 மணி நேரம் என்பதால், இன்று காலை 6க்குத் தொடங்கியவர் அடுத்து நள்ளிரவு 12க்குத் தொடங்குவார், அதற்கடுத்து மாலை 6க்கு. உடம்புக்கு எது ராத்திரி எது பகல் என்றே தெரியாது. இந்த விதி 40 வருடத்துக்கும் மேல் இருந்தது.

தூக்கத்தைச் சமாளிக்க மாத்திரை வந்தது. ஆம்ஃபெட்டமின் மாத்திரைகளுக்கு ஓட்டுநர்கள் 'வெஸ்ட் கோஸ்ட் டர்ன்அரவுண்ட்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதாவது ஒன்றைப் போட்டால் மேற்குக் கடற்கரை வரை போய்த் திரும்பிவிடலாமாம்! 1963ல் டேவ் டட்லி பாடிப் பிரபலமான 'சிக்ஸ் டேஸ் ஆன் த ரோட்' பாட்டில் அந்த மாத்திரையும் வருகிறது, ஒழுங்காக எழுதாத லாக் புக்கும் வருகிறது.

லாக் புக் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு தாளில் 24 மணி நேரமும் கட்டங்களாகப் போட்டிருக்கும். நான்கு வரிசை: ஓய்வு, படுக்கை, ஓட்டுதல், ஓட்டாத வேலை. எந்த நேரத்தில் எதில் இருந்தோமோ அந்த வரிசையில் கோடு இழுக்க வேண்டும். கோடு இழுப்பது ஓட்டுநரே. போலீஸ் கேட்டால் காட்ட ஒன்று, நிஜக் கணக்கு ஒன்று என்று இரண்டு புத்தகம் வைத்திருந்தவர்களும் உண்டு. ஓட்டுநர்களே அதற்கு 'காமிக் புக்' என்று பெயர் வைத்தார்கள் என்றால் மேலே விளக்கம் தேவையில்லை.

ஏன் பொய் எழுதினார்கள்? இங்கேதான் கூலி வருகிறது. நெடுந்தூர லாரி ஓட்டுநருக்குப் பெரும்பாலும் மைலுக்கு இத்தனை சென்ட் என்று கூலி. சக்கரம் சுற்றினால் காசு, நின்றால் இல்லை. சட்டம் மணிக்கணக்கில் எண்ணுகிறது, வீட்டுக்குப் போகும் பணம் மைல் கணக்கில் எண்ணுகிறது.

இந்த இரண்டும் மோதியது வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது 1973ல். எண்ணெய் நெருக்கடி. டீசல் விலை ஏறியது, பெட்ரோல் பங்குகளில் டீசல் தீர்ந்துபோனது. கூடவே எரிபொருளை மிச்சப்படுத்த நாடு முழுக்க வேகத்தைக் குறைக்கும் திட்டம். 10 மணி நேரம் ஓட்டலாம் என்பது மாறவில்லை. ஆனால் 65 மைல் வேகத்தில் 650 மைல் கூலி வாங்கியவருக்கு 55 மைல் வேகத்தில் 550 மைல் கூலிதான். டிசம்பரில் பென்சில்வேனியாவிலும் ஒஹையோவிலும் லாரிகளை நெடுஞ்சாலையின் குறுக்கே நிறுத்தினார்கள், சி.பி. ரேடியோவில் செய்தி சொல்லி ஆள் சேர்த்தார்கள். ஆனாலும் 1974 ஜனவரியில் 55 மைல் சட்டமாகிவிட்டது.

அதற்குப் பத்தாண்டு முன்பு, 1964ல், டீம்ஸ்டர்ஸ் சங்கத் தலைவர் ஜிம்மி ஹோஃபா நாடு முழுமைக்குமான ஒரே கூலி ஒப்பந்தத்தை வாங்கித் தந்திருந்தார். (ஹோஃபாவின் மற்ற கதைகள் தனிக் கட்டுரைக்கு உரியவை. ஆள் 1975ல் காணாமலே போனார்!) சங்கத்தில் இருந்த ஓட்டுநருக்கு நல்ல கூலி, ஏற்றி இறக்கும் நேரத்துக்கும் காசு. ஐ.சி.சி. வாடகையைக் கட்டுப்படுத்தியதால் நிறுவனங்களாலும் அதைக் கொடுக்க முடிந்தது. 1980 ஜூலையில் கார்ட்டர் கையெழுத்திட்ட புதிய சட்டம் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. யார் வேண்டுமானாலும் வரலாம், வாடகையைப் பேசிக்கொள்ளலாம். பத்து வருடத்தில் நிறுவனங்களின் எண்ணிக்கை இரு மடங்குக்கு மேல் ஆனது. வாடகை இறங்கியது, கடைகளில் பொருள் விலையும் குறைந்தது, அதை மறுக்க முடியாது. கூலியும் சேர்ந்து இறங்கியது. ஒருகாலத்தில் தானே லாரி ஓட்டி, பிறகு பொருளாதாரப் பேராசிரியரான மைக்கேல் பெல்சர் 2000ல் இதைப் பற்றி எழுதிய புத்தகத்தின் பெயர் 'ஸ்வெட்ஷாப்ஸ் ஆன் வீல்ஸ்'. அதாவது சக்கரம் வைத்த சுரண்டல் பட்டறைகள்.

அதே காலத்தில் தொழிற்சாலைகளும் மாறின. சரக்கை வாங்கிக் குவித்து வைக்காமல், வேண்டிய நேரத்துக்கு வேண்டியதை மட்டும் வரவழைப்பது என்ற ஜப்பானிய முறை பரவியது. கிடங்கில் இருக்க வேண்டிய சரக்கு சாலையில் ஓடிக்கொண்டிருந்தது. டெலிவரிக்கு நாள் சொன்னவர்கள் மணி சொல்ல ஆரம்பித்தார்கள். தாமதமானால் அபராதம். ஆனால் சரியான நேரத்துக்கு வந்த லாரியைக் காக்க வைத்தால் என்ன அபராதம்? அதை யாரும் எழுதவில்லை.

ஐ.சி.சி. 1995 கடைசியில் கலைக்கப்பட்டது. லாரிப் பாதுகாப்புக்கென்று 2000 ஜனவரியில் எஃப்.எம்.சி.எஸ்.ஏ. என்ற தனி அமைப்பு வந்தது. அது 1962ன் 18 மணி நேரச் சுற்றை ஒழிக்க முயன்றது. முதல் வரைவுக்கு 50,000க்கு மேல் கருத்துக் கடிதங்கள் குவிந்தன. ஒருவழியாக 2004 ஜனவரி 4ல் புது விதி நடைமுறைக்கு வந்தது. ஓட்டுவது 10லிருந்து 11 ஆனது. ஓய்வு 8லிருந்து 10 ஆனது. 14 மணி நேரக் கடிகாரமும் 34 மணி நேர ஓய்வும் அப்போது வந்தவைதான். அடுத்த பத்து வருடம் வழக்குமயம். 2004ல் ஓட்டுநரின் உடல்நலத்தைக் கணக்கில் எடுக்கவில்லை என்று நீதிமன்றம் ரத்து செய்தது, 2007ல் சில பகுதிகளை மறுபடி ரத்து செய்தது. ஒவ்வொரு முறையும் அதே எண்கள் வேறு விளக்கத்தோடு திரும்பி வந்தன. 2013ல் 30 நிமிட இடைவேளை சேர்ந்தது. இந்தப் பகுதியைப் படித்தபோது எனக்கே தலை சுற்றியது, உங்களுக்கு வேண்டாம்.

2004ன் மாற்றத்தில் ஒன்று மட்டும் முக்கியம். பழைய விதியில் 15 மணி நேரக் கணக்கு நின்று நின்று ஓடும். கிடங்கு வாசலில் காத்திருந்தால் 'ஓய்வு' என்று கோடு இழுத்துக் கணக்கை நிறுத்திக்கொள்ளலாம். இதனால் காலை 5க்கு எழுந்தவர் நள்ளிரவிலும் சட்டப்படி ஓட்டிக்கொண்டிருக்க முடிந்தது. அதைத் தடுக்கத்தான் நிற்காத 14. தூக்கத்தைப் பொறுத்தவரை இது சரியான திருத்தம் என்றே நினைக்கிறேன். ஆனால் காத்திருப்பின் முழுச் செலவும் ஓட்டுநர் தலையில் விழுந்தது.

ஒரு கணக்குப் போடுவோம். புது ஓட்டுநர் ஒருவர் காலை 6க்கு வேலையைத் தொடங்குகிறார். அரை மணி நேரம் வண்டியைச் சோதிக்கிறார். ஒன்றரை மணி நேரம் ஓட்டி, சொன்னபடி 8க்குக் கிடங்கில் நிற்கிறார். இறக்கி முடிக்க மதியம் 1 ஆகிவிட்டது. இரவு 8க்கு 14 முடியும். மிச்சம் 7 மணி நேரம். ஆக இன்று அவர் ஓட்டக்கூடியது மொத்தம் எட்டரை மணி நேரம், சட்டம் அனுமதிப்பதோ 11. இரண்டரை மணி நேரம் போச்சு. சராசரி 55 மைல் என்றால் 137 மைல். மைலுக்கு 50 சென்ட் என்று வைத்துக்கொண்டால் சுமார் 69 டாலர். கிடங்கில் நின்ற 5 மணி நேரத்துக்கு? பொதுவாக முதல் 2 மணி நேரம் இலவசம் என்பது தொழில் வழக்கம். அதற்கு மேல் காத்திருப்புக் கட்டணம் உண்டென்றால் அது லாரி நிறுவனத்துக்குப் போகும். அதிலிருந்து ஓட்டுநருக்கு எவ்வளவு வரும் என்பது அவரவர் ஒப்பந்தத்தையும் அதிர்ஷ்டத்தையும் பொறுத்தது. அடுத்த லோடு நாளைக் காலை 7க்கு என்று டிஸ்பேச்சர் ஏற்கெனவே ஒத்துக்கொண்டிருப்பார். அனுபவமுள்ளவர் உடனே போனைப் போட்டு முடியாது என்று சொல்லிவிடுவார். புது ஆளுக்கு அந்தத் தைரியம் வராது. 8 மணிக்குள் எட்டிவிடலாம் என்று வேகத்தைக் கூட்டுவார்.

இது என் கற்பனை இல்லை. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2018 ஜனவரியில் கொடுத்த அறிக்கை, சராசரிக் காத்திருப்பு நேரம் 15 நிமிடம் கூடினால் விபத்து விகிதம் 6.2 சதவீதம் கூடும் என்று மதிப்பிட்டது. முழு லோடு ஓட்டுநர்கள் காத்திருப்பால் ஆண்டுக்கு 110 கோடி முதல் 130 கோடி டாலர் வரை வருமானம் இழப்பதாகவும் சொன்னது.

காகித லாக் புக் இருந்தவரை இந்த ஓட்டையைப் பொய்க்கோடு அடைத்துக்கொண்டிருந்தது. 2017 டிசம்பர் 18 முதல் அதுவும் போனது. எஞ்சினோடு இணைத்த மின்னணுக் கருவி தானே நேரத்தைப் பதிகிறது. (2000க்கு முந்தைய எஞ்சின் உள்ள வண்டிகளுக்கு விலக்கு. பழைய லாரிகளுக்குத் திடீர் மவுசு வந்ததாம்!) இதன் விளைவை மூன்று ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2021ல் வெளியிட்டார்கள். நேர விதியை மீறுவது நன்றாகக் குறைந்தது. விபத்துகள் குறைந்ததாகத் தெரியவில்லை. சின்ன நிறுவனங்களில் வேகமாக ஓட்டுவது போன்ற மீறல்கள் கூடின. கடிகாரத்தை ஏமாற்ற முடியாதவர் கடிகாரத்தோடு போட்டி போடுகிறார். கார்னெல் பல்கலைக்கழகத்தின் கேரன் லெவி இந்தக் கருவிகளைப் பற்றி ஆண்டுக்கணக்கில் ஓட்டுநர்களோடு பேசி 2022ல் 'டேட்டா டிரிவன்' என்ற புத்தகமே எழுதியிருக்கிறார்.

கடிகாரம் எண்ணாதது எவ்வளவு என்பதற்கு ஒரு விபத்து. 2014 ஜூன் 7, நள்ளிரவு தாண்டி ஒரு மணி ஆகப்போகிறது. நியூ ஜெர்சி நெடுஞ்சாலையில், 45 மைல் வேகம்தான் அனுமதி என்ற இடத்தில் 65 மைல் வேகத்தில் வந்த வால்மார்ட் லாரி, மெதுவாகப் போய்க்கொண்டிருந்த வேன் மீது மோதியது. வேனில் இருந்த நகைச்சுவை நடிகர் ஜேம்ஸ் மெக்நேர் இறந்தார், டிரேசி மோர்கன் படுகாயம் அடைந்தார். லாரி ஓட்டுநரின் பதிவு என்ன சொன்னது தெரியுமா? ஓட்டியது 9 மணி 37 நிமிடம். பணியில் இருந்தது 13 மணி 32 நிமிடம். சட்டத்துக்குள்! ஆனால் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தபோது அவர் 28 மணி நேரமாகத் தூங்கவில்லை என்று தெரிந்தது. வேலையில் சேர்வதற்கு முன் ஜார்ஜியாவிலிருந்து டெலவேர் வரை சுமார் 800 மைல் தன் சொந்தக் காரில் வந்திருந்தார். அது 'வேலை' இல்லை, எந்தக் கட்டத்திலும் வராது.

இன்னொரு மரணம், விபத்து அல்ல. 2009 மார்ச்சில் ஜேசன் ரிவன்பர்க் என்ற ஓட்டுநர் பால் ஏற்றிக்கொண்டு தென் கரோலினாவுக்கு வந்தார். குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். சீக்கிரம் வந்தால் உள்ளே விடமாட்டார்கள், பக்கத்தில் லாரி நிறுத்த இடமும் இல்லை. கைவிடப்பட்ட ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தித் தூங்கினார். கொள்ளையன் சுட்டுக் கொன்றான். கிடைத்தது 7 டாலர். அவர் மனைவி அப்போது கர்ப்பிணி. அந்தப் பெண் ஓயாமல் போராடியதில் 2012ல் லாரி நிறுத்துமிடங்களுக்கான பிரிவு ஒன்று சட்டமானது, அதற்கு 'ஜேசன் சட்டம்' என்றே பெயர். தாமதமாக வந்தால் அபராதம், சீக்கிரம் வந்தால் தெருவில். புது ஓட்டுநர் 14 முடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இடம் தேட வேண்டும் என்று பழையவர்கள் சொல்வது இதனால்தான். மாலை 6க்கு மேல் லாரி நிறுத்தங்கள் நிரம்பிவிடும்.

வேறு வழியே இல்லையா என்றால், ஐரோப்பா கொஞ்சம் வேறு மாதிரி யோசித்தது. அங்கே நாளுக்கு 9 மணி நேரம் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. நாலரை மணி நேரத்துக்கு ஒருமுறை 45 நிமிட இடைவேளை. நேரத்தைப் பதியும் டேக்கோகிராஃப் கருவி 1970லேயே விதியாகிவிட்டது. (பிரிட்டன் மட்டும் கேபினுக்குள் உளவாளி என்று முறுக்கிக்கொண்டது, 1979ல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் தோற்றது.) எண்களைவிட எனக்குப் பிடித்தது 2006 விதியின் 10ஆம் பிரிவு. சாலைப் பாதுகாப்பைக் கெடுக்கும்படி தூரத்துக்கு ஏற்பக் கூலி கொடுக்கக்கூடாது என்கிறது. சரக்கு அனுப்புபவரும் இடைத்தரகரும் போடும் கால அட்டவணை ஓட்டுநரின் நேர விதிக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்கிறது. அட்டவணை போட்டவர் பொறுப்பு! ஐரோப்பிய ஓட்டுநர்களுக்கும் சிக்கல்கள் ஏராளம், அது வேறு கதை. ஆனால் சட்டத்தில் அந்த வரி இருக்கிறது. அமெரிக்காவில் இதற்கு நெருங்கி வருவது 2016 ஜனவரியில் வந்த ஒரு விதி. நேர விதியை மீறும்படி ஓட்டுநரை மிரட்டக்கூடாது என்று அனுப்புபவர், பெறுபவர், தரகர் எல்லோரையும் அது கட்டுப்படுத்துகிறது. மிரட்டல்தான் குற்றம். ஐந்து மணி நேரம் காக்க வைப்பது குற்றமில்லை.

2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது நிவாரணப் பொருள் ஏற்றிய லாரிகளுக்கு நாடு முழுக்க நேர விதியையே தளர்த்தினார்கள். அதே செப்டம்பரில் நிரந்தர விதியும் கொஞ்சம் இளகியது. கிடங்கில் காத்திருக்கும் நேரத்தையே 30 நிமிட இடைவேளையாகக் காட்டலாம். பனியோ எதிர்பாராத நெரிசலோ வந்தால் 14ஐ 2 மணி நேரம் நீட்டலாம். 14 மணி நேரக் கடிகாரத்தை 30 நிமிடம் முதல் 3 மணி நேரம் வரை ஒருமுறை நிறுத்த விடலாமா என்ற யோசனை 2019 வரைவில் இருந்தது, 2020ல் கைவிட்டார்கள். 2025ல் அதையே சில ஓட்டுநர்களை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம் என்று மறுபடி எடுத்திருக்கிறார்கள். ஓட்டுநர்களில் பலர் வரவேற்கிறார்கள். எனக்கு இதில் தயக்கம் இருக்கிறது. கடிகாரத்தை நிறுத்தினால் அந்த மூன்று மணி நேரம் யாருக்கும் செலவில்லாத நேரமாகிவிடும், கிடங்குக்காரர் ஏன் அவசரப்படப் போகிறார்? மாலையில் முடிய வேண்டிய நாள் இரவுக்குத் தள்ளிப்போகும், அந்த மூன்று மணி நேரத்துக்கும் மைல் கிடையாது.

அதுவரை புதிதாக வருபவருக்குப் பழைய ஓட்டுநர்கள் சொல்லிக்கொடுப்பது ஒரு சின்னக் காரியம். கிடங்கு வாசலில் நுழைந்த நேரத்தைச் சரக்கு ரசீதில் எழுது. இறக்கி முடித்த நேரத்தையும் எழுது. இரண்டுக்கும் கிடங்கு ஆளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வெளியே வா.